பொம்மைக்குச் சாயம் ஏற்றிய ஐப்பசி

அந்த ஐப்பசி முழுக்க எங்கள் வீட்டுக் கொடியில் முகமில்லாத உடம்புகள் தொங்கின. உள்ளங்கை அளவு உடம்புகள். புசுபுசுவென்று ரோமம், முயலுக்கு இருப்பது போல் நீளமாக இரண்டு காது, காதைப் பிடித்துக் கிளிப். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை. கழற்றிய முகங்கள் ஜன்னல் கட்டையில் வரிசையாக மல்லாந்து கிடக்கும். எல்லாம் ஒரே முகம்தான். பாதி மூடிய கண்ணும், சிரிப்பா சலிப்பா என்று சொல்ல முடியாத வாயும்.

ஜமுனாமரத்தூர் மலையில் ஐப்பசி என்றால் வெயில் ஏறும்வரை மூட்டம்தான். மூட்டத்தில் கொடிக்கயிறு கண்ணுக்குத் தெரியாது. வெளிறிய ஊதாவும் எலுமிச்சை மஞ்சளும் பாசிப் பச்சையுமாகச் சின்ன உடம்புகள் அந்தரத்தில் நிற்கும். பல் தேய்க்கப் பின்பக்கம் போகிறவள், பிரஷ்ஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிடுவேன். எழுந்துவிட்டேனா, இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேனா என்று ஒரு நிமிஷம் பிடிபடாது. வாயில் பேஸ்ட் எரிந்த பிறகுதான் விடிந்ததை நம்புவேன்.

முதலில் பயந்தவர் பக்கத்து வீட்டு அம்மாதான். சாமைப் பயிர் வைக்கிற குடும்பம், இரண்டு புளியமரமும் உண்டு. வேலி ஓரமாக வந்து, கொடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நர்சம்மா, இன்னாமா இது? யாருக்காச்சும் வெச்சு அனுப்பறீங்களா?"

செய்வினை வைக்கிறோமா என்று கேட்கிறார். நான் நர்ஸ் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதிக்கிறவள். இதை அவருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

"யாருக்கும் வெக்கலம்மா. என் தங்கச்சி பொம்மைக்குச் சாயம் போடறா."

"அதுக்கு எதுக்கு மூஞ்சிய புடுங்கணும்?"

நியாயமான கேள்வி. நானும் அதையேதான் தங்கையிடம் கேட்டிருந்தேன். முகம் ரப்பர். சாயத் தண்ணீரில் போட்டால் அதுவும் நிறம் குடித்துக் கறை ஏறிவிடும். அதனால் கழுத்துப் பக்கம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ரப்பர் இளகினதும் முகத்தைத் தனியாக எடுத்துவிட வேண்டும். உள்ளே அடைத்திருக்கிற பஞ்சையும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் மிஞ்சுவது ஒரு சின்ன ரோமச் சட்டை. சாயம் அதற்குத்தான். இதையெல்லாம் விளக்கியதும் அந்த அம்மா, "சரி, எதுவும் காத்து கருப்பு வராம இருந்தா சரி" என்று போய்விட்டார். மறுநாள் நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்த ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய்ச் சாமைக் கொல்லையில் குருவி விரட்டக் கட்டினார். குருவிகள் பயந்ததாகத் தெரியவில்லை. அதன் காதில் உட்கார்ந்துதான் சாமை தின்றன.

இந்தப் பொம்மைகள் பெரிய ஊர்க் கடைகளில் மூடிய பெட்டியில் விற்பவை. உள்ளே எந்த நிறம் என்று காசு கொடுத்துப் பிரித்த பிறகுதான் தெரியும். குலுக்குச் சீட்டுக்குக் காது வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது என் கட்சி. தங்கை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கே பெண்கள் எல்லாரும் கைப்பையில் ஒன்று தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு வந்தால் மாற்றிக்கொண்டு, வராத நிறத்துக்கு ஏங்கிக்கொண்டு இருப்பார்களாம். என் தங்கைக்கு வாய்த்த ராசி, எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் ஒரே நிறம். கஞ்சி நிறம். வேறு யாரும் மாற்றிக்கொள்ளவும் மாட்டார்கள். அப்படிச் சேர்ந்த கஞ்சி நிறப் பொம்மைகளை ஒரு துணிப்பையில் அடைத்து எடுத்துக்கொண்டுதான் அவள் மலைக்கு வந்தாள். மாற்றுத்துணியைவிடப் பொம்மை அதிகம்.

"கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமாக்கா?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள்.

"கேட்டுட்டு வர்றதுக்கு இது இன்னா லாட்ஜா? உள்ள வாடி."

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவளுக்கு ஏழாம் மாதம் திடீரென்று ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உயிர் இல்லை. தங்கைக்கும் உயிர் நூலில் தொங்கியது. சில நாள் நினைவே இல்லை. கண் விழித்துப் பார்த்தபோது வயிறும் காலி, தொட்டிலும் காலி. அவள் கணவர் குழந்தையைப் பிறந்த அன்றைக்கே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டிருந்தார்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெரியவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். உயிரில்லாமல் பிறந்ததைத் தாய்க்குக் காட்டக் கூடாது. பார்த்தால் மனதில் ஒட்டிக்கொள்ளும், அடுத்தது தங்காது என்பார்கள். போட்டோ எடுக்கக் கூடாது. பெயர் கிடையாது. மதில் ஓரம் ஒரு மூலையில் புதைத்துவிட்டு, அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது. எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். அன்றைக்கு அந்த மனிதரைச் சுற்றி நின்று அத்தனை பேரும் சொன்னார்கள். அவரும் தலையாட்டிவிட்டார். நான் அப்போது ஆஸ்பத்திரியில் தங்கை பக்கத்தில் இருந்தேன். அங்கே இருந்திருந்தால் நாலு பேரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

தங்கை அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "யாரைக் கேட்டுப் பண்ணீங்க?" அவர் பதில் சொல்லவில்லை. வழக்கப்படி, பேச்சை எடுக்கக் கூடாது அல்லவா. அவர் பேசாததால் அவளும் பேசவில்லை. அப்படியே மாதங்கள் போய், அவள் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாள்.

நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் வருகிறது. அன்றைக்கு எங்கள் ஊர்களில் எல்லாரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி நிற்பார்கள். வெளியூரில் இருப்பவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள். தங்கையிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பொம்மை உடம்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"நான் போவலக்கா. எதுன்னே தெரியாத ஒரு மண்ணுக்கு முன்னாடி நின்னு நான் இன்னான்னு அழறது? அதுக்குப் போவலன்னா அப்புறம் அந்த வூட்டுக்கும் போக மாட்டேன். அவரு கூட இனிமே இருக்க முடியாதுக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். "இன்னிக்கு மழை வரும்" என்பது போலச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அவளைப் பிடித்துத்தான் கட்டினார். ஒரு வழக்கத்துக்குத் தலையாட்டிய குற்றத்துக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையாகிவிடுவார்களா என்று இருந்தது.

ஆக, அவள் சாயம் போட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயம் போடுகிறபோது அவள் முகத்தில் ஒரு அமைதி வரும். பின்கட்டில் பழைய அலுமினியக் குண்டான், அதில் கொதிக்கிற தண்ணீர், தபாலில் வரவழைத்த சாயத்தூள். ரோமச் சட்டையை மரக்கரண்டியால் அமுக்கி அமுக்கித் திருப்புவாள். குண்டானிலிருந்து ஆவி எழும்பும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூட்டம் உள்ளே வரும். எது ஆவி எது மூட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடுவில் அவள் முகம் வரும், போகும். நான் டியூட்டிக்குக் கிளம்பியவள், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீருக்குள் நிறம் அசைவதைப் பார்த்தால் கண் சொக்கிவிடும். உலகத்தில் வேறு ஒரு வேலையும் இல்லை, எல்லா ரத்தமும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும்.

நிறத்துக்கு அவள் வைக்கிற பெயர்கள்தான் வேடிக்கை. சிவப்பு, நீலம் என்று சொல்லவே மாட்டாள். "மழ நின்னப்புறம் ரோடு", "பஸ்ஸு கண்ணாடில ஒட்டின ஆவி", "தூக்கத்துல கேக்கற மணி". மணிக்கு ஏதுடி நிறம் என்றால், "கேட்டுப் பாரேன், தெரியும்" என்பாள். ஒருநாள் நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் தடவிய ஸ்லைடுக்குச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது. மங்கலான வெண்கல நிறம் ஒன்று கண்ணுக்குள் வந்து போனது. வீட்டுக்கு வந்து அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என் மானம் போய்விடும்.

ஒரு குறை மட்டும் இருந்தது. எந்த நிறமும் அழுத்தமாகப் பிடிக்கவில்லை. எவ்வளவு நேரம் கொதித்தாலும் வெளிறித்தான் வந்தது. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், சூடு போதாது. குண்டானில் வைத்தால் பருப்பே பாடாய்ப் படுத்தும், பொம்மைக்கு என்ன? தங்கை ஒவ்வொன்றையும் கொடியில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "இது இல்ல" என்பாள். எதுதான் வேண்டும் என்று கேட்டால் தெரியாது. முகத்தைத் திரும்பப் பொருத்தவும் மாட்டாள். சரியான நிறம் வந்த பிறகுதான் முகமாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் கணவர் வந்தார். வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் சாயம் ஏற்றுகிற பிரிவில் இருக்கிறார். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் தோலை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்றால், அதே நிறத்தைக் கலக்கிக் கொண்டுவருவது அவர் வேலை. காலைப் பூசை முடித்து ஆலங்காயம் வழியாக வருகிற பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, வெளுத்த முகத்தோடு வந்து இறங்குவார். அவர் பஸ்ஸை விட்டு இறங்குமுன் தங்கை பின்கட்டுக்குப் போய்விடுவாள். முன்னறையில் நானும் அவரும் டீ குடிப்போம்.

"சாப்டறாளாக்கா?"

"சாப்டறா தம்பி."

"தூங்கறாளா?"

"தூங்கறா."

அதற்குமேல் அவருக்குக் கேட்கத் தெரியாது. ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நகக்கண்ணில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நிறம் இருக்கும். சாயங்கால பஸ்ஸில் ஏறி மலையிறங்கிப் போய்விடுவார். எனக்கு அவர்மேல் எரிச்சலும் வரும், பரிதாபமும் வரும். எரிச்சல்தான் முதலில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அக்கா, கலர் ஏன் இப்டி வெளிறிப் போயி கீது? டை நல்லாயில்லியா?" அந்த வீட்டில் அவர் கேட்ட புதுக் கேள்வி அதுதான். "அவளத்தான் கேக்கணும்" என்றேன். அவர் பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு தூக்குப்பையோடு வந்தார். உள்ளே பொட்டலம் பொட்டலமாகச் சாயம், ஒரு சின்ன பாட்டிலில் ஆசிட். "எங்க கம்பெனி டிரம்முல போடறது இது, அக்கா. ஜர்மன்காரனே கை தட்டுவான். புடிச்சா வுடாது." முகத்தில் எனக்குத் தெரிந்து பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு. எனக்கும் ஆசை வந்துவிட்டது. தங்கை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முகம் கழற்றி வைத்திருந்த ஒரு கஞ்சி நிறத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீரின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தார், நீலத்தைக் கரைத்தார், ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தோலைத் திருப்புகிற மாதிரியே பொம்மையை அவ்வளவு பதமாகத் திருப்பினார். குண்டானுக்குள் ஐப்பசி மேகமே இறங்கியது போல ஒரு கருநீலம். நேரம் போனது தெரியவில்லை. தூக்கிப் பார்த்தபோது பொம்மை நீலமாகச் சொட்டியது. "பாத்தீங்களாக்கா" என்றார்.

அலசினோம். முதல் தண்ணீரில் நீலம் போனது. இரண்டாம் தண்ணீரிலும் போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பழைய கஞ்சி நிறமே திரும்பி வந்து நின்றது. ரோமத்தில் ஒரு பொட்டு நிறம் ஒட்டவில்லை. ஒட்டியது ஒரே இடத்தில், தையலில். நூல் வேறு ஜாதி போலிருக்கிறது. காதோரம், கையோரம், வயிற்றுக்கு நடுவில் மேலிருந்து கீழ்வரை, எங்கெல்லாம் தைத்திருந்தார்களோ அங்கெல்லாம் கருநீலக் கோடு. அதுவரை அந்தத் தையல்கள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தோல் ஊரில் பிறந்து தோலிலேயே வளர்ந்த ஆள். உலகத்தில் எல்லாம் தோல் என்று நினைத்துவிட்டார் பாவம். நானாக இருந்தால் குண்டானை உதைத்திருப்பேன்.

கதவு திறந்தது. தங்கை வந்து நின்று பார்த்தாள்.

"அது இன்னா ஆட்டுத்தோலா? பிளாஸ்டிக்கு நூலுங்க அது. தோலுக்குப் போடறத போட்டா எப்டி ஏறும்?"

திட்டுதான். ஆனால் "யாரைக் கேட்டு" என்ற அந்தக் கேள்விக்குப் பிறகு அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல். அவர் எழுந்து நின்றுவிட்டார், வாத்தியார் வந்தது போல.

"தெரிலம்மா" என்றார். "எனக்குத் தெரிஞ்சதத்தான் பண்ணேன்."

அவள் அவர் கையிலிருந்த பொம்மையை வாங்கிக்கொண்டு, வயிற்றுத் தையல்மேல் விரலை ஓட்டிக்கொண்டே உள்ளே போனாள். அவள் வயிற்றிலும் ஒரு தையல் இருக்கிறது என்பது எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு வந்தபோது அவர் கையில் ஒரு குக்கர் இருந்தது, அதற்குள் புதுச் சாயப் பொட்டலங்கள். கைப்பிடி ஆடுகிற பழைய பெரிய குக்கர். ஊரில் செயற்கைத் துணிக்குச் சாயம் போடுகிற ஆளைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அந்த நூலுக்கு வேறு சாயம், கொதியைத் தாண்டின சூடு வேண்டும், மலையில் குக்கரை விட்டால் வழியில்லை என்று அந்த ஆள் சொன்னாராம். இந்தத் தடவை என்னிடம் சொல்லவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய், அவளிடம் சொன்னார். அவள் எழுந்து போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அன்றைக்கு வானம் திறக்கவே இல்லை. மத்தியானத்திலும் மூட்டம். நான் வாசல்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவள் நிறத்தின் பெயரைச் சொல்வாள், அவர் கலக்குவார். வெள்ளைத் தட்டு ஒன்று, பழைய நோட்டுத் தாள் ஒன்று, தீக்குச்சி. குச்சி நுனியால் தாளில் ஒரு பொட்டு வைத்துக் காட்டுவார். "மழ நின்னப்புறம் ரோடு" என்றாள். என்னைப் போல ஏன் எதற்கு என்று கேட்கவில்லை அந்த மனிதர். கறுப்பில் துளி நீலம், துளி பழுப்பு. காட்டினார். "இன்னும் கொஞ்சம் ஈரம்" என்றாள். அதையும் புரிந்துகொண்டு எதையோ சேர்த்தார். இரண்டு விசில் விட்டு இறக்கியபோது, அலசி விரித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் மலைப்பாதையின் அத்திப்பட்டு வளைவில் மழை விட்டதும் தெரிகிற ரோடு அப்படியே அவர்கள் கையில் இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வேலியிலிருந்து, "இன்னா நர்சம்மா, கறியா? வாசன வேற மாதிரி கீது" என்றார். "பொம்மக் கறி" என்றேன். தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கீரையை விட்டுவிட்டுக் காம்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றாகக் கொடிக்குப் போயின. எல்லாம் அழுத்தமான நிறம். மூட்டம் அவற்றைத் தொட்டுத் தொட்டு விலகியது. அவர்கள் இரண்டு பேரும் நிறத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். அவரும் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது கிடையாது.

கடைசியாக ஒரு கஞ்சி நிறம் மிச்சம் இருந்தது. அவர் தட்டைக் கழுவித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு இன்னா கலரும்மா?"

தங்கை பொம்மையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"கொழந்த இன்னா கலரு?"

எங்கள் ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் பார்க்க வருகிற முதல் ஆள் கேட்பது அதைத்தான். இன்னா கலரு, யாரு சாயல், முடி இருக்குதா. பால் வாசனை வீசுகிற அறையில் ஆளாளுக்குக் கேட்பார்கள், பாட்டிகளும் அத்தைகளும் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். என் தங்கையிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அவளாலும் ஒருவரிடம் கேட்க முடியவில்லை. பார்த்தவர் ஒருவர்தான், அவரோ வாயைத் திறக்கவில்லை. அத்தனை நாளும் அவள் குண்டானில் தேடிக்கொண்டிருந்தது எதை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் குச்சியை எடுத்தார். பழுப்பு. அதில் சிவப்பு, ஒரு துளி மஞ்சள். தாளில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்னொன்று கலக்கினார். அதுவும் இல்லை. பொட்டு இழுபட்டுக் கோடாகிவிட்டது. ஜெர்மன்காரனுக்குத் தோல் நிறம் பொருத்துகிறவர், தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"கை குடு" என்றார்.

அவள் கொடுத்தாள். அவர் அந்தக் கையைத் திருப்பி, மணிக்கட்டுக்கு உள்பக்கம், நாடி பார்க்கிற இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த எடம். இதேதான்."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, "முடி?" என்றாள்.

"நெறய. ஈரமா, காது மேல வரைக்கும் வந்திருந்துச்சு."

"மூக்கு?"

"எங்கம்மா மாதிரி. கொஞ்சம் சப்ப."

"அய்யோ" என்றாள். "விரலு?"

"உன்னுது. நீளம். என் விரலச் சுத்தி வெச்சுப் பாத்தேன்."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. நான் தொறந்து பாக்கல."

"அங்க போற வரைக்கும் எதுல வெச்சிருந்தீங்க?"

"மடிலதான். பொட்டி ஒண்ணு குடுத்தாங்க, வேணாம்ன்ட்டேன். கல்லறை வரைக்கும் மடிலயே வெச்சிருந்தேன். யாருகிட்டயும் குடுக்கலம்மா."

"அப்ப தனியா இல்ல."

"இல்ல. எங்கிட்டதான் இருந்துச்சு."

தங்கை அழத் தொடங்கினாள். சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி. அவரும் அழுதார். சாயம் பட்ட கையால் கண்ணைத் துடைத்துக் கன்னமெல்லாம் பழுப்பாக்கிக்கொண்டார். நான் முறத்தோடு எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். மரியாதை தெரிந்தவள் என்றால் போயிருப்பாள். நான் போகவில்லை. எனக்கும் கேட்க வேண்டியிருந்தது. நானும் பெரியம்மா இல்லையா?

"தம்பி, எங்க வூட்டுச் சாயல் எதுவுமே இல்லியா?"

அவர் என்னைப் பார்த்தார். அழுகைக்கு நடுவில் ஏதோ சிரிப்பு மாதிரி வந்தது.

"நெத்திக்கா. உங்களுது. சுருக்கி வெச்சிருந்துச்சு, எல்லாரையும் திட்டப்போற மாதிரி."

என் தங்கை கண்ணீரோடு சிரித்த சிரிப்பில் வேலிக்கு அந்தப் பக்கம் கோழி சிதறியது. நான் முறத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சாயங்கால பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவில் இறங்கிப் போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை. இருட்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னதையே திரும்பவும் கேட்டாள். அவரும் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னார்.

மறுநாள் நான் லீவு சொல்லிவிட்டேன், கல்லறைத் திருநாளுக்கு மூன்று பேரும் மலையிறங்கினோம். முன் சீட்டில் ஆலங்காயத்துக்குப் போகிற ஒரு அம்மா, மடியில் சீதாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் சும்மா வர முடியாத ஜாதி. வளைவுக்கு வளைவு திரும்பித் திரும்பி ஊர், பேர் எல்லாம் விசாரித்து முடித்து, கடைசியில் தங்கையிடம் வந்தார்.

"எத்தினி கொழந்தைங்கம்மா?"

தங்கையின் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை கொஞ்சங்கூட யோசிக்கவில்லை.

"ஒரு பொண்ணு."

"யாரு சாயல்?"

"மூக்கு அவங்க பாட்டி. விரலு நான். நெத்தி மட்டும் எங்கக்கா."

அந்த அம்மா எட்டி என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அப்ப கோவக்காரியா இருப்பா" என்றார்.